ஒரு ஏக்கர் புல்... எந்த வண்டி?

பெரிய வீடு, அகலமான காம்பவுண்டு, மழை முடிந்ததும் இடுப்பளவு புல். கடலூர், சிதம்பரம் பக்கத்து வீட்டுக்காரர்களின் தை மாதத் தலைவலிக்கு என்ன வழி?

தை பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கிறது. சிதம்பரத்திலிருந்து குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோயில் போகும் சாலை. ஒரு பக்கம், கதிர் முற்றித் தலை சாய்ந்த சம்பா வயலில் பெல்ட் வண்டி அறுத்துக்கொண்டிருக்கிறது. வரப்பை எட்டியதும் ஆபரேட்டர் லிவரை இழுக்கிறார். ஒரு பக்கத்து பெல்ட் நின்றுவிட, மறு பக்கத்து பெல்ட் மட்டும் ஓட, அத்தனை பெரிய வண்டி நின்ற இடத்திலேயே திரும்புகிறது. திரும்பிய இடத்தில் தாளும் வேரும் சேறுமாகப் புரண்டு, அண்டாவை அமுக்கி எடுத்ததுபோல் ஒரு பள்ளம். உளுந்து தெளித்திருக்கும் நிலமென்றால் சொந்தக்காரர் முகம் சுளிப்பார். மற்றபடி அடுத்த போகத்துக்கு எப்படியும் உழப்போகிற மண்தானே என்று விட்டுவிடுவார்.

சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாய்க் கட்டிய வீடு. சுற்றிலும் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான காலி இடம். பத்துத் தென்னை, இரண்டு மா, மீதியெல்லாம் புல். முகத்தில் துண்டு சுற்றிய ஒருவர் தோளில் பிரஷ் கட்டரை மாட்டிக்கொண்டு அரையடி அரையடியாக முன்னேறுகிறார். முழங்கால் வரை பச்சைச் சாறு. சுவரில் சிறு கல் பட்டுத் தெறிக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. காலையில் தொடங்கியவர் உச்சி வெயிலுக்குள் கால்வாசியைக்கூடத் தாண்டவில்லை. திண்ணையில் வீட்டுக்காரர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் அமெரிக்க வீடியோ ஒன்று: நாற்காலி போட்ட குட்டி வண்டியில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளைத் தள்ளி, மரத்தைச் சுற்றிச் சுழன்று, பாய் விரித்ததுபோல் புல்தரையைச் சீவிக்கொண்டு போகிறார் ஒருவர்.

'ஜீரோ டர்ன்' என்கிறார்கள் அந்த வண்டியை. வெளிநாட்டில் சம்பாதித்து ஊரில் வீடு கட்டியவர்கள், பண்ணை வீடு வாங்கியவர்கள், பள்ளிக்கூடம், திருமண மண்டபம் நடத்துபவர்கள் என்று இந்தப் பகுதியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் பலரும் இப்போது அதைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா என்பதற்கான பதிலில் பாதி, அந்தச் சாலைக்கு எதிர்ப்பக்கத்து வயலில் பெல்ட் வண்டி விட்டுப்போன பள்ளத்திலேயே இருக்கிறது.

நின்ற இடத்தில் திரும்பும் வித்தை

காரைத் திருப்ப முன் சக்கரத்தை வளைக்கிறோம். பெரும்பாலான ஜீரோ டர்ன்களில் ஸ்டீயரிங் கிடையாது. பின்னால் இருக்கும் இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் தனித்தனியாக எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் இயக்கம். இடது கைப்பிடி இடது சக்கரத்துக்கு, வலது கைப்பிடி வலது சக்கரத்துக்கு. இரண்டையும் முன்னே தள்ளினால் நேராகப் போகும். ஒன்றை முன்னேயும் மற்றொன்றைப் பின்னேயும் இழுத்தால் தன் அச்சிலேயே சுழலும். முன் சக்கரங்கள் இரண்டும் அலுவலக நாற்காலியின் சக்கரம்போல் இழுத்த பக்கம் திரும்புபவை. வண்டியை வழிநடத்துவதில் அவற்றுக்கு வேலை இல்லை. வெட்டும் வேலை நடுவில் தொங்கும் தட்டுக்குள் நடக்கிறது. 'டெக்' எனப்படும் அந்தத் தட்டினுள்ளே இரண்டோ மூன்றோ பிளேடுகள் கிடைமட்டமாகச் சுழல்கின்றன.

இதன் வேலையைக் காவிரி டெல்டாக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரு பக்கத்து இயக்கமும் தனித்தனி என்ற தத்துவம்தான் நெல் அறுக்கும் பெல்ட் வண்டியிலும் இருக்கிறது. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பெல்ட் வண்டி தன் எடையை நீளமான ரப்பர் பட்டையின் மேல் பரப்பிக்கொள்கிறது. அதனால்தான் சேற்றில் இறங்க முடிகிறது. ஜீரோ டர்னோ தன் எடையில் பெரும்பங்கை இரண்டு பின் டயர்களின் மேல் வைத்திருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கான சிறிய வண்டியே ஏறத்தாழ 250 முதல் 350 கிலோ. அதன் மேல் ஓட்டுபவர் வேறு.

பெட்டிச் செய்தி: துணி ஆலையிலிருந்து புல்தரைக்கு
புல்வெட்டும் இயந்திரம் பிறந்தது இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில். நெய்த கம்பளித் துணியின் பிசிரைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்த எட்வின் படிங், அதே உத்தியைப் புல்லுக்குக் கொண்டுவந்து 1830இல் காப்புரிமை பெற்றார். அதுவரை அங்கே புல்தரை என்றால் அரிவாள் பிடித்த ஆட்களும் மேயும் ஆடுகளும்தான். நின்ற இடத்தில் திரும்பும் வண்டி அமெரிக்காவின் நடுப்பகுதியில் உருவானது. 1940களின் கடைசியில் மிசௌரி மாநிலத்தில் மேக்ஸ் ஸ்விஷர் ஒன்றைச் செய்தார். இன்று நாம் பார்க்கும் இரட்டைக் கைப்பிடி வடிவம் 1960களின் தொடக்கத்தில் கன்சாஸ் மாநிலத்து ஜான் ரெகியரின் யோசனை. கோதுமை விளையும் சமவெளி அது. கோடையில் மண் இறுகிக் கிடக்கும் நாடு.

களிமண் என்ன சொல்கிறது?

கடலூர் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. கொட்டும்போது எப்படிக் கொட்டும் என்பதற்கு 2015 நவம்பரே சாட்சி. நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் பெய்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு தென்பெண்ணை கரை புரண்டு கடலூரின் தெருக்களுக்குள் வந்தது. புல் அசுர வேகத்தில் வளர்வதும் இதே மாதங்களில்தான். வெட்ட வேண்டிய தேவை உச்சத்தில் இருக்கும்போது வண்டி இறங்கவே முடியாதபடி நிலம் ஊறிக் கிடக்கிறது. இந்தச் சிக்கலை எந்த விற்பனைக் கையேடும் சொல்வதில்லை. அந்தக் கையேடுகள் எழுதப்பட்ட ஊர்களில் மழையின் முறை வேறு.

சிதம்பரம், குமராட்சி, கீரப்பாளையம், புவனகிரி பக்கம் கனமான களிமண். வெள்ளாறும் கொள்ளிடமும் படியவிட்ட வண்டல். ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் வெடிக்கும். ஜனவரியில் மேலே பொருக்குத் தட்டியிருக்கும். அரையடி கீழே இன்னும் பிசுபிசுப்பு. அதில் 350 கிலோ வண்டியை ஏற்றினால் முதல் சுற்றில் டயர் தடம் பதியும். இரண்டாம் சுற்றில் அந்தத் தடத்தில் தண்ணீர் தேங்கும். வரிசைக் கடைசியில் நின்ற இடத்தில் திருப்பினால் உள்பக்க டயர் புல்லைத் திருகிப் பிய்த்துவிடும். மேலை நாடுகளில் அனுபவம் உள்ளவர்கள் ஈரத் தரையில் அப்படிச் சுழற்றுவதே இல்லை. காரை ரிவர்ஸ் எடுப்பதுபோல் முன்னும் பின்னும் நகர்த்தி மூன்று அசைவில் திருப்புகிறார்கள். லட்சக் கணக்கில் கொடுத்து வாங்கிய வித்தையை நம் மண்ணில் பாதி ஆண்டு பயன்படுத்த முடியாது என்பதை வாங்கும் முன்பே மனத்தில் போட்டுக்கொள்வது நல்லது.

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை என்று கடலோரம் போனால் கதை வேறு. மணல் தண்ணீரை உடனே குடித்துவிடும், சேறு கிடையாது. ஆனால் புல் அடர்த்தியாகப் பிடிக்காத இடத்தில் டயர் சுழன்று மணலை வாரும். டெக்கினுள் உறிஞ்சப்படும் மணல் பிளேடின் முனையை உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல் தேய்க்கும். உப்புக் காற்று இன்னொரு எதிரி. திறந்த வெளியில் நிறுத்திய இரும்புத் தட்டு இரண்டு மழைக்காலத்துக்குள் துரு ஏறி உதிரத் தொடங்கும். நெல்லிக்குப்பம், பண்ருட்டிச் செம்மண் மூன்றிலும் பரவாயில்லை. வடிகால் நன்றாக இருக்கும், தரை கெட்டிப்படும். அங்கே பார்க்க வேண்டியது சரளைக் கல்லை.

ஆகவே ஓர் எளிய சோதனை: மழை விட்டுப் பத்து நாள் கழித்து, வெறுங்காலோடு உங்கள் புல்தரையின் தாழ்வான மூலையில் போய் நில்லுங்கள். குதிகால் அழுந்திய பள்ளத்தில் நீர் கசிந்தால், உட்கார்ந்து ஓட்டும் எந்த வண்டிக்கும் அந்த இடம் இன்னும் பதமாகவில்லை.

அகலத்துக்கு முன் கேட்டைப் பாருங்கள்

வண்டியின் அகலம் என்று சொல்லப்படுவது வெட்டும் தட்டின் அகலம். பெரும்பாலும் 42 அங்குலத்திலிருந்து 60, 72 அங்குலம் வரை இருக்கிறது. அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் 54 அங்குலத் தட்டு மேடு பள்ளமான தரையில் ஓடும்போது மேட்டை மொட்டையடித்துவிட்டுப் பள்ளத்தைத் தொடாமல் போய்விடும். சின்னக் கேட்டில் நுழையாது. மழைக்கு ஒதுக்கி நிறுத்த கார் ஷெட்டில் பாதி இடம் கேட்கும். நம் வீட்டு நிலம் எதுவும் ரோலர் போட்டுச் சமன் செய்த தரை கிடையாது. நேற்று வரை நஞ்சையாக இருந்து, வரப்பை வெட்டிச் சரித்து மனையானவை பல. அந்தப் பழைய வரப்பின் புடைப்பு புல்லுக்கடியில் அப்படியே இருக்கும். வீட்டுக்கு 42 அங்குலத்துக்கு மேல் போகவே வேண்டாம் என்பேன்.

தென்னைக்கு நடுவே ஓட்டலாமா என்பது அடுத்த கேள்வி. 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் வண்டி தாராளமாகப் புகுந்து வரும். மரத்தைச் சுற்றிச் சுற்றி வெட்டுவதற்கென்றே பிறந்த வண்டி இது. இடைஞ்சல் மரத்தால் வருவதில்லை. மரத்தடிப் பாத்தி, சொட்டுநீர்க் குழாய், விழுந்து கிடக்கும் மட்டை, பாளை, குரும்பை, இவைதான் தொல்லை. காய்ந்த மட்டையின் அடித்தண்டு ஒன்று டெக்கினுள் போனால் பெல்ட் அறும், இல்லையென்றால் பிளேடு தாங்கும் தண்டு வளையும். ஓட்டும் முன் ஒருவர் முழுத் தோப்பையும் நடந்து பொறுக்க வேண்டும். 'தானே' புயல் 2011 டிசம்பர் 30 அன்று சாய்த்த பலாவும் முந்திரியும் பண்ருட்டிப் பக்கம் எத்தனையோ கொல்லைகளில் அடிக்கட்டைகளை விட்டுவிட்டுப் போயின. புல் மூடிய பழைய அடிக்கட்டை, புல் மூடிய எல்லைக்கல், இரண்டையும் சுண்ணாம்பு அடித்துவைக்காமல் வண்டியை இறக்கக் கூடாது.

பெட்டிச் செய்தி: ஒரு ஏக்கர், மூன்று கணக்கு
நூறு சென்ட், அதாவது 43,560 சதுர அடி. தடையில்லாத திறந்த தரை என்று வைத்துக்கொள்வோம்.
தள்ளிக்கொண்டு நடக்கும் 21 அங்குல மோவர்: ஒரு வரிசை மற்றொன்றின் மேல் சற்று ஏறித்தான் வெட்ட வேண்டும் என்பதால், மொத்தம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நடை. மூன்று மணி நேரத்துக்கு மேல்.
42 அங்குல ஜீரோ டர்ன்: சுமார் 4 கிலோமீட்டர் ஓட்டம். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில், திருப்பங்களோடு சேர்த்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட.
பிரஷ் கட்டர்: புல்லின் உயரத்தையும் ஆளின் கைப்பழக்கத்தையும் பொறுத்து ஒரு முழு நாள், சில நேரம் இரண்டு நாள்.
முப்பது சென்ட் புல்தரை என்றால் நடை மோவருக்கே ஒரு மணி நேர வேலைதான். அதற்கு உட்கார்ந்து ஓட்டும் வண்டி தேவையே இல்லை.

உண்மையில் புல்லை வெட்டுவது யார்?

வண்டியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் கடலூர், சிதம்பரம் இரண்டு ஊர்களிலும் இன்று புல்லை வெட்டுவது பிரஷ் கட்டர்தான். கோயில் நந்தவனம், சாலையோரம், வாய்க்கால் கரை, பள்ளி மைதானம் எல்லாவற்றுக்கும் அதுதான். சில ஆயிரங்களில் தொடங்கி முப்பது, நாற்பதாயிரம் வரை விலை. ஹோண்டா, ஸ்டீல், ஹஸ்க்வர்னா என்று பேர்பெற்றவை முதல் பேர் தெரியாதவை வரை கடையில் தொங்குகின்றன. விவசாயிகளுக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தரும் கருவிகளில் இதுவும் உண்டு. சிறு, குறு விவசாயி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் விழுக்காடு. சாகுபடி நிலத்துக்குத்தான் அது. வீட்டு அழகுக்கு வளர்க்கும் புல்லுக்குக் கேட்கக் கூடாது.

இடுப்பளவு வளர்ந்த புல்லுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. ஜீரோ டர்னை அப்படியே அதன்மேல் ஏற்றினால் டெக் அடைத்துக்கொண்டு எஞ்சின் திணறி நின்றுவிடும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்தரை வளர்ப்பின் அடிப்படை விதி. அதற்கு மேல் எடுத்தால் வேர் சோர்ந்து மஞ்சள் பாயும். மழை மாதத்தில் வாரம் ஒருமுறை வெட்டினால்தான் இந்த விதியைக் காக்க முடியும். மழை மாதத்திலோ வண்டி இறங்காது. ஆக ஜீரோ டர்ன் வைத்திருப்பவரும் தை மாதத்தில் பிரஷ் கட்டர்காரரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். இந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தப் பிரஷ் கட்டர்காரரின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எட்டு மணி நேரம் கையில் அதிர்வு, காதுக்கருகில் எஞ்சின், மூக்கில் எண்ணெய் கலந்த புகை. தோள்பட்டை வார் ஒற்றை வாராக இருந்தால் முதுகு ஒரு பக்கம் இழுக்கும். இரட்டை வாராக இருந்தால் எடை பிரியும். கண்ணாடி போடாமல் வேலை செய்பவர்களே அதிகம், ஏனென்றால் வியர்வையில் கண்ணாடி மங்கிவிடுகிறது. வலைக் கம்பியாலான முகக்கவசம் மங்காது, விலையும் அதிகமில்லை. வேலை கொடுப்பவர் அதை வாங்கி வீட்டில் வைத்திருக்கலாமே. கூலி எவ்வளவு என்று பேரம் பேசும் அதே வாயால், காலில் ஷூ இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

பெட்டிச் செய்தி: பிளேடின் வேகம்
சுழலும் புல்வெட்டி பிளேடின் முனை வேகத்துக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு ஏறத்தாழ 345 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அடிபட்ட கூழாங்கல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிரஷ் கட்டர் ஓடும்போது 15 மீட்டர் தூரத்துக்குள் ஆள் நடமாட்டம் கூடாது என்கின்றன கையேடுகள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது பார்க்க அழகாக இருக்கலாம்; உலகெங்கும் குழந்தைகள் கால் இழந்த விபத்துகளில் பல அப்படித் தொடங்கியவை. சரிவிலும் கவனம்: பல ஜீரோ டர்ன்களுக்கு 15 டிகிரிதான் வரம்பு. அதற்கு மேல் பின் டயர் பிடி விட்டால் வண்டி தன் போக்கில் சறுக்கும். குளக்கரை, வாய்க்கால் கரை ஓரங்களை வண்டிக்கு விடாமல் கையால் வெட்டுவதே சரி.

பெட்ரோல் பங்கிலிருந்து வரும் சிக்கல்

வாங்கிய பிறகு யார் பார்த்துக்கொள்வது? இந்தக் கேள்வியில்தான் பல வண்டிகள் தார்ப்பாய்க்குள் போய்விடுகின்றன. இந்தியாவுக்கு வரும் ஜீரோ டர்ன்கள் பெரும்பாலும் கோல்ஃப் மைதானம், விளையாட்டரங்கம், பெரிய நிறுவன வளாகங்களை நினைத்து இறக்குமதியானவை. டெக் பெல்ட் அறுந்தால் கடலூரில் எந்தக் கடையிலும் அந்த அளவில் கிடைக்காது. ஹைட்ராலிக் பாகம் கசிந்தால் சென்னையோ கோவையோதான். வாங்கும்போதே இரண்டு பெல்ட், ஒரு செட் பிளேடு, ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் ஆகியவற்றையும் சேர்த்து விலை பேசாதவருக்கு, முதல் மழைக்காலத்திலேயே வண்டியை மூலையில் நிறுத்த நேரிடும்.

இன்னொரு சிக்கல் நம் பெட்ரோலிலேயே இருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2025க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. சிறிய எஞ்சின்கள் பலவற்றின் கையேட்டில் எத்தனால் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். தினமும் ஓடும் பைக்கில் இது பெரிதாகத் தெரியாது. மாதக் கணக்கில் சும்மா நிற்கும் புல்வெட்டியில் நன்றாகத் தெரியும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டேங்கின் அடியில் நீர் பிரிந்து நிற்கும், கார்புரேட்டருக்குள் பிசின் கட்டும். தையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிப்பவர்களில் பாதிப்பேருக்கு வியாதி இதுதான். மருந்து எளிது: வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் கலந்த பெட்ரோலைக் கேன் கேனாகக் கலக்கி வைக்காமல், அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும்.

பேட்டரி வண்டிகள் இந்தத் தொல்லையிலிருந்து விடுதலை தருகின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2024 முதல் தயாராகும் புதிய புல்வெட்டிகளில் இத்தகைய சிறிய பெட்ரோல் எஞ்சின்களுக்குத் தடை விதித்திருக்கிறது. இருபது, முப்பது சென்ட் வரைக்கும் பேட்டரியில் ஓடும் நடை மோவர் நம் ஊருக்கும் நல்ல தேர்வு. சத்தமில்லை, புகையில்லை, கார்புரேட்டர் இல்லை. பேட்டரியை வெயிலில் போட்டுவைக்கக் கூடாது, எலி கடிக்காத இடத்தில் வைக்க வேண்டும். தானாக ஓடும் ரோபோ புல்வெட்டியைச் சிலர் விசாரிக்கிறார்கள். பூனை, கோழிக்குஞ்சு, விழுந்த குரும்பை எல்லாம் கிடக்கும் முற்றத்துக்கு அது சரிப்படாது. ஜெர்மனியின் கொலோன் நகரம், முள்ளெலிகள் அடிபடுவதால் இரவில் ரோபோ ஓட்டுவதற்கே தடை போட்டிருக்கிறது.

புல்லுக்குக் காத்திருக்கும் மாடு

நம் ஊரில் புல் ஒருநாளும் குப்பையாக இருந்ததில்லை. காலையில் கதிர் அரிவாளும் சாக்குமாக வந்து, கேட்டுக்கொண்டு உள்ளே புகுந்து, அருகும் கோரையுமாக ஒரு கட்டு அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போகும் பெண்களை இன்றும் பார்க்கலாம். வீட்டுக்கு ஒரு பசு வைத்திருப்பவர்கள். நிலம் இல்லாதவர்கள். அவர்களுடைய அறுவடை வேலையைப் பெல்ட் வண்டி எடுத்துக்கொண்டது. அந்த வண்டி விட்டுப்போகும் வைக்கோலும் கையறுப்பு வைக்கோல்போல் இருப்பதில்லை. அடிக்கட்டை உயரமாக நின்றுவிடுகிறது, மேல் தாள் நசுங்கிச் சிதறுகிறது. அதைக் கட்ட இன்னொரு வண்டி, அதற்கு இன்னொரு வாடகை. அவர்களுக்கு எஞ்சியிருந்தது வீட்டு வளாகங்களில் வளரும் பச்சைப் புல்.

ஜீரோ டர்ன் அந்தப் புல்லைப் பொடிப்பொடியாக நறுக்கி அங்கேயே தூவிவிடும். மண்ணுக்கு அது உரம்தான். மாட்டுக்கு உதவாது. பிரஷ் கட்டரில் நைலான் நூல் போட்டால் கூழாகிவிடும், ஆனால் மூன்று பல் பிளேடு போட்டால் தாளோடு அறுந்து விழும், அள்ளிக் கட்டலாம். ஒரே கருவியில் ஒரு பாகத்தை மாற்றினால் இரண்டு குடும்பத்துக்கு ஒருவாரத் தீவனம். பெரிய வளாகத்தின் பின்புறத்தில் பத்துச் சென்டை அழகுக்கு வெட்டாமல் தீவனத்துக்கு விட்டு, வாரம் ஒரு நாள் அறுத்துக்கொள்ளச் சொல்வது எந்த வீட்டுக்காரருக்கும் இயலக்கூடிய காரியம். பாம்பு பயம் இருக்கிறதே என்பார்கள். நியாயமான பயம்தான், கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் உள்ள ஊர் இது. வீட்டுச் சுவரிலிருந்து முப்பது அடிக்கும், நடைபாதை இருபுறமும் ஒட்ட வெட்டி, விறகும் செங்கலும் குவியாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான ஆபத்து விலகிவிடும். ஏக்கர் முழுவதையும் மொட்டையடிக்க வேண்டியதில்லை.

மேலும் ஒரு கணக்கு, கோடைக்கு. சித்திரை வெயிலில் புல்லைப் பச்சையாக வைத்திருக்க ஒரு நாளைக்கு நான்கு மில்லிமீட்டர் அளவுக்காவது தண்ணீர் விட வேண்டும். ஐம்பது சென்ட் புல்தரைக்கு அது தினமும் சுமார் 8,000 லிட்டர். கடலோரக் கிராமங்களில் போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச உப்பு நீர் உள்ளே ஏறுகிறது. பக்கத்து வீட்டுக் குடிநீரும் அதே நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தோட்ட மாளிகை கட்டிக் குடியிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் கொண்டுவந்த பழக்கம் இந்த ஒட்ட வெட்டிய பச்சைப் புல்தரை. அவர்களுடைய சொந்த நாட்டில் அதற்கு மழையே தண்ணீர் விடும். முன்வாசலில் பத்துப் பதினைந்து சென்ட் அருகம்புல் தரை, மீதிக்கு மரம், அதற்கடியில் அந்தந்தப் பருவத்தில் வளர்வது வளரட்டும் என்பதே என் கட்சி. கோடையில் காய்ந்த அருகு முதல் மழைக்குத் துளிர்த்துவிடும்.

அப்படியானால் யார்தான் வாங்கலாம்?

இரண்டு ஏக்கருக்கு மேல், வடிகால் நல்ல, திறந்த, சமதளமான தரை வைத்திருப்பவர்கள் வாங்கலாம். கல்லூரி, பள்ளி மைதானம், செம்மண் பூமியில் ரிசார்ட், 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற பரந்த வளாகங்கள், நெய்வேலி நகரியம் மாதிரியான திட்டமிட்ட குடியிருப்புகள் ஆகியவை இந்த வண்டிக்கு ஏற்ற இடங்கள். அங்கே ஆண்டுக்குப் பல நூறு மணி நேரம் ஓட வேலை இருக்கும், பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக்கும் இருப்பார். ஒரு ஏக்கர் வீட்டுக்காரருக்கு, மழை மாதங்கள் போக, ஆண்டு முழுவதற்கும் இருபது முப்பது மணி நேர வேலைதான் தேறும். மீதி நாளெல்லாம் லட்சங்கள் ஷெட்டில் துருப்பிடிக்கும்.

இதற்கு வழியை டெல்டா எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. காட்டுமன்னார்கோயில் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி யாரும் தனக்கென்று அறுவடை வண்டி வாங்குவதில்லை. சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து சீசனுக்கு வண்டிகள் வருகின்றன. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஈரம் இருந்தால் பெல்ட், காய்ந்திருந்தால் டயர். வேளாண் பொறியியல் துறையே இ-வாடகை செயலி வழியாக டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் மணிக்கணக்கில் தருகிறது. புல்வெட்டிக்கும் இதே ஏற்பாடு செய்யலாம். ஒரே சாலையில் ஏழெட்டுப் பெரிய வளாகங்கள் இருந்தால், அவர்கள் சேர்ந்து ஓர் இளைஞருக்கு நடை மோவர் ஒன்றும் ஃபோர் ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் இரண்டும் வாங்க முன்பணம் கொடுத்து, மாதச் சந்தாவில் வேலையை ஒப்படைக்கலாம். பழுது அவர் பொறுப்பு, முகக்கவசமும் ஷூவும் இவர்கள் பொறுப்பு. வேலை பெருகி, தரையும் ஒத்துழைத்தால் மூன்றாம் ஆண்டில் ஜீரோ டர்னைப் பற்றி அந்த இளைஞரே விசாரிப்பார்.

அப்போதும் ஒரு நிபந்தனை வைக்கச் சொல்லுங்கள்: செய்முறை காட்ட வருகிறோம் என்று விற்பனையாளர் சொன்னால், தேதியைப் பங்குனியில் குறிக்க விடாமல், பொங்கல் முடிந்த மறுவாரத்தில் குறிக்க வேண்டும். சிமென்ட் தளத்தில் ஓட்டிக்காட்டுவது போதாது. தோட்டத்தின் தாழ்வான மூலையில் இறக்கி, இரண்டு முறை திருப்பி, வெளியே எடுத்துக் காட்டட்டும். அதற்குப் பிறகு விலை பேசலாம்.